கோள்கள் இழுக்கும் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோள்களின் ஈர்ப்பு பற்றியவை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்வதுதான் நல்லது என்று பட்டது. மிளகாய்க் கன்று, கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பௌதிகவியல் ஆசிரியன் அல்ல. காணி அளந்து ஓய்வு பெற்ற நில அளவையாளன். நில அளவையில் ஒவ்வொரு கோட்டுக்கும் நீளமும் உண்டு, திசையும் உண்டு. அவற்றை வடக்கு, கிழக்கு என்று இரண்டு நிரல்களாகப் பிரித்துத்தான் கூட்டுவோம். விசைக்கும் அளவும் திசையும் உண்டு. அதனால் கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த இரண்டு நிரல் முறையிலேயே இருக்கும்.

கேள்வி: சேர், சம திணிவுள்ள மூன்று கோள்கள் ஒரு சமபக்க முக்கோணியின் மூன்று உச்சிகளில் இருக்கின்றன. ஒரு கோளின் மீது மற்ற இரண்டும் சேர்ந்து தாக்கும் விளையுள் ஈர்ப்பு விசை, அதாவது மொத்த விசை, எவ்வளவு என்று ரியூசனில் கணக்குத் தந்தார்கள். இரண்டும் ஒரே அளவு விசையால் இழுப்பதால் நான் இரண்டு மடங்கு என்று எழுதினேன். விடையில் 1.732 மடங்கு என்று இருக்கிறது. மிச்சம் எங்கே போனது?
— உயர்தர மாணவி, உரும்பிராய்

பதில்: பிள்ளை, "மிச்சம் எங்கே போனது" என்று கேட்டதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். பலர் விடையைப் பாடமாக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சதுரக் கோடு போட்ட கொப்பியில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் நாம் பார்க்கும் கோள். அங்கிருந்து நேர் மேலே போவதை வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோள் வடக்கிலிருந்து 30° கிழக்காகவும், மற்றது 30° மேற்காகவும் இருக்கட்டும். இரண்டுக்கும் இடைக் கோணம் 60°. அதுதான் உங்கள் சமபக்க முக்கோணி. ஒவ்வொரு விசையின் அளவும் 1.

இனி இரண்டு நிரல் போடுங்கள். கிழக்குக் கோளின் விசை: வடக்கே கோசைன் 30°, அதாவது 0.866, கிழக்கே சைன் 30°, அதாவது 0.5. மேற்குக் கோளின் விசை: வடக்கே அதே 0.866, ஆனால் கிழக்கு நிரலில் சய 0.5, அதாவது எதிர்ப்பக்கமாக 0.5. கூட்டிப் பாருங்கள். வடக்கு நிரல் 1.732. கிழக்கு நிரல் பூச்சியம்.

நீங்கள் தேடிய மிச்சம் அந்தக் கிழக்கு நிரலில்தான் இருக்கிறது. இரண்டு கோள்களும் தங்கள் இழுவையில் ஒரு பகுதியை ஒன்றுக்கொன்று எதிராகச் செலவழிக்கின்றன. ஒன்று வலப்பக்கம் 0.5, மற்றது இடப்பக்கம் 0.5. அந்தப் பகுதி நாம் பார்க்கும் கோளை எங்கேயும் நகர்த்தாது. விசைகளை இலக்கங்களாகக் கூட்டினால் இந்த எதிர்ப்பு உங்கள் கண்ணில் படவே படாது.

கணக்கில் நம்பிக்கை வரவில்லையென்றால் அடிமட்டத்தால் வரைந்து பாருங்கள். ஒரு விசைக்கு 5 சென்ரிமீற்றர் என்று வைத்து இரண்டு கோடும் 60° இல் வரைந்து, இணைகரத்தைப் பூர்த்தி செய்து, மூலைவிட்டத்தை அளந்தால் 8.7 சென்ரிமீற்றருக்கு மிகக் கிட்ட வரும். 10 வராது.

பரீட்சையில் இதையே கொஞ்சம் திருப்பிக் கேட்பார்கள். கிழக்குக் கோளின் திணிவு மட்டும் இரண்டு மடங்கு என்றால்? அதன் விசை 2 ஆகும். வடக்கு நிரல்: 1.732 உம் 0.866 உம், மொத்தம் 2.598. கிழக்கு நிரல்: 1 இலிருந்து 0.5 போக 0.5. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 6.75 உம் 0.25 உம் சேர்ந்து சரியாக 7. ஆகவே விளையுள் 7 இன் வர்க்கமூலம், 2.646. திசை வடக்கிலிருந்து ஏறத்தாழ 11° கிழக்கு. திசையை எழுதாமல் அளவை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். பாதி விடைதான் ஆகும்.

சதுரத்தின் நான்கு உச்சிகளில் சம திணிவுள்ள நான்கு கோள்கள் என்றாலும் இதே வழிதான். பக்கத்து இரண்டும் செங்கோணத்தில் இழுப்பதால் 1.414. மூலைவிட்டத்தில் எதிரே இருப்பது 1.414 மடங்கு தூரத்தில் நிற்கிறது. தூரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால் அதன் விசை 0.5. அது முன்னைய விளையுள் காட்டும் அதே திசையில் இழுப்பதால் நேராகக் கூட்டலாம்: 1.914.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கோள் வந்து நிற்பதால் முதல் இரண்டுக்கும் இடையிலான விசை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒவ்வொரு சோடியையும் மற்றவை இல்லாதது போலத் தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் கூட்டினால் போதும். இப்படிப் பிரித்துக் கூட்ட முடிவதால்தான் இந்தக் கணக்கையே கையால் போட முடிகிறது.

கேள்வி: ஐயா, என் மகன் தரம் 10 இல் படிக்கிறான். சூரியனும் சந்திரனும் மற்ற ஏழு கோள்களும் ஒரே நேரத்தில் பூமியை இழுத்தால் மொத்த விசை எவ்வளவு என்று கேட்கிறான். கணக்குப் போட உட்கார்ந்தால் 10 இன் அடுக்குகளைக் கண்டு பயந்து எழும்பிவிடுகிறான். எளிய வழி உண்டா?
— ஒரு தந்தை, வட்டுக்கோட்டை

பதில்: உண்டு. கணிப்பான்கூடத் தேவையில்லை.

1687 இல் நியூற்றன் வெளியிட்ட விதிப்படி, இரண்டு பொருள்களின் திணிவுகளைப் பெருக்கி, இடைத்தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் விசை வரும். அந்த மாறிலி 6.674 × 10⁻¹¹. 1798 இல் ஹென்றி கவெண்டிஷ் ஈயக் குண்டுகளைக் கம்பியில் தொங்கும் கோலொன்றில் கட்டிச் செய்த நுட்பமான பரிசோதனையிலிருந்துதான் அதை முதலில் கணிக்க முடிந்தது. மகன் பயப்படுவது இந்த மாறிலியையும் கிலோகிராமில் எழுதிய திணிவுகளையும் கண்டுதான். அவற்றை ஒரு பக்கம் வைத்துவிடச் சொல்லுங்கள்.

சூரியனின் திணிவை 1 என்று வைக்கட்டும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தையும் 1 என்று வைக்கட்டும். அப்போது சூரியன் பூமியை இழுக்கும் விசையும் 1. மற்ற எல்லாம் அதன் பங்குகள்.

வியாழனை எடுப்போம். அதன் திணிவு சூரியனின் 1,047 இல் ஒரு பங்கு. பூமிக்கு மிகக் கிட்ட வரும்போது தூரம் ஏறத்தாழ 4.2. அதன் வர்க்கம் 17.64. 1,047 ஐ 17.64 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 18,500. ஆக, வியாழன் பூமியை இழுப்பது சூரியன் இழுப்பதில் 18,500 இல் ஒரு பங்கு. ஒரு பெருக்கல், கணக்கு முடிந்தது.

வெள்ளி: திணிவு 408,500 இல் ஒரு பங்கு, கிட்டிய தூரம் 0.28, வர்க்கம் 0.0784. விடை 32,000 இல் ஒரு பங்கு. இதில் மகன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வியாழனின் திணிவு வெள்ளியின் திணிவைப் போல ஏறத்தாழ 390 மடங்கு. ஆனாலும் இழுவையில் வியாழன் வெள்ளியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. கிட்ட நிற்பதற்கு அவ்வளவு பலம்.

சனியின் இழுவை 259,000 இல் ஒரு பங்கு. செவ்வாய் எட்டு இலட்சத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. புதன், யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றின் இழுவைகள் இன்னும் சிறியவை. சந்திரன் மட்டும் தனி. அதன் திணிவு 27,000,000 இல் ஒரு பங்குதான். ஆனால் தூரம் 389 இல் ஒரு பங்கு. கணக்கிட்டால் 179 இல் ஒரு பங்கு வரும். மற்றக் கோள்கள் எல்லாம் சேர்ந்தாலும் சந்திரனுக்குக் கிட்ட வராது.

கடைசியில் நியூற்றனில் விடை வேண்டுமென்றால், சூரியன் பூமியை இழுக்கும் 3.54 × 10²² நியூற்றனை இந்தப் பங்குகளால் பெருக்கினால் போதும். வியாழனுக்கு 1.9 × 10¹⁸, சந்திரனுக்கு 2 × 10²⁰.

ஆனால் கூட்டும்போது திசை வேண்டும். பூமி வியாழனுக்கும் சூரியனுக்கும் நடுவில் வரும்போது வியாழன் நம்மைச் சூரியனிலிருந்து வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஆறு ஏழு மாதத்தில் பூமி சூரியனின் மறுபக்கம் போய்விடும். அப்போது தூரம் 6.2, இழுவை 40,000 இல் ஒரு பங்காகக் குறைந்து, திசையும் மாறிச் சூரியன் பக்கமாகவே இழுக்கும். அதனால் "மொத்த விசை எவ்வளவு" என்பதற்கு ஒரே விடை கிடையாது. "எந்தத் தேதியில்" என்று கேட்டால்தான் விடை சொல்லலாம்.

இவ்வளவு சிறிய பங்குகளை விட்டுவிட்டால் என்ன என்று மகன் கேட்பான். கேட்க வேண்டும். வெள்ளியும் வியாழனும் காலங்காலமாக இழுப்பதால் பூமியின் பாதையின் நீள்வட்டம் 405,000 ஆண்டுக்கு ஒருமுறை நீண்டு சுருங்குகிறது. யுரேனஸ் கணக்குப்படி போகாமல் சிறிது விலகுவதைக் கண்டுதான், அதற்கு வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்க வேண்டும் என்று பிரான்சின் லெ வெரியே கணக்கிட்டார். அவர் குறித்த இடத்தில் 1846 செப்ரெம்பர் 23 இரவு பேர்லினில் யோகான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். ஒரு பாகைக்கும் குறைந்த வித்தியாசத்தில் நெப்டியூன் இருந்தது. மேசையில் இருந்து போட்ட கூட்டல் கணக்கொன்று ஒரு கோளைக் கண்டுபிடித்தது. எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்தி விஞ்ஞான வரலாற்றில் அதிகம் இல்லை.

கேள்வி: ஐயா, கோள்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரப்போகுதாம், அன்றைக்கு அவற்றின் ஈர்ப்புச் சேர்ந்து கடல் பெருகி ஊருக்குள் வருமாம் என்று வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. என் மகன் கடற்றொழிலுக்குப் போகிறவன். அன்று போக வேண்டாம் என்று மறிக்கவா?
— ஒரு தாய், காரைநகர்

பதில்: அம்மா, கோள்களுக்காக மறிக்க வேண்டாம். ஏன் என்று இரண்டு படியாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்தச் செய்தியை எழுதியவர் திசையைப் பார்க்கவில்லை. கோள்கள் நேர்கோட்டில் வந்து, ஒவ்வொன்றும் பூமிக்கு மிகக் கிட்ட நிற்பதாகவே வைப்போம். வெள்ளியும் புதனும் சூரியனுக்கும் நமக்கும் இடையில் நிற்கும். செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஐந்தும் நமக்கு மறுபக்கம் நிற்கும். ஒரு கூட்டம் உள்ளே இழுக்கிறது, மறு கூட்டம் வெளியே இழுக்கிறது. வெளியே 2.1 × 10¹⁸ நியூற்றன், உள்ளே 1.15 × 10¹⁸. கழித்தால் மிஞ்சுவது 1 × 10¹⁸ கூட இல்லை. நம் சந்திரன் ஒவ்வொரு நாளும் இழுப்பது அதைப் போல 200 மடங்குக்கு மேல். நேர்கோட்டில் வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும் என்பது உண்மையல்ல. அவை எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

இரண்டாவது, கடலைப் பெருகவும் வற்றவும் வைப்பது மொத்த இழுவை அல்ல. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையில் அந்த இழுவையில் உள்ள வித்தியாசம்தான். இந்த வித்தியாசம் தூரத்தின் வர்க்கத்தோடு அல்ல, கனத்தோடு, அதாவது தூரத்தை மூன்று தரம் எழுதிப் பெருக்கி வரும் எண்ணோடு, குறைகிறது. அதனால்தான் சூரியன் சந்திரனைப் போல 179 மடங்கு பூமியை இழுத்தாலும், கடலை எழுப்புவதில் சந்திரனின் பாதிக்கும் குறைவாக நிற்கிறது. வெள்ளி மிகக் கிட்ட வரும்போதும் கடலில் அதன் வேலை சந்திரனின் வேலையில் 19,000 இல் ஒரு பங்கு. வியாழனுடையது 170,000 இல் ஒரு பங்கு. பொன்னாலைப் பாலத்துத் தூணில் அடையாளம் வைத்து அளந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பயம் புதிதல்ல. 1982 மார்ச் 10 அன்று கோள்கள் சூரியனுக்கு ஒரு பக்கமாகச் சேருவதால் கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் வரும் என்று 1974 இலேயே நூல் எழுதினார்கள். அந்த நாள் அமைதியாகக் கழிந்தது. அப்போது கோள்கள் நேர்கோட்டில்கூட இல்லை. சுமார் 95° பரப்பில் சிதறி நின்றன.

மகனை மறிக்க வேண்டிய நாட்கள் வேறு. அமாவாசையிலும் பூரணையிலும் சூரியனும் சந்திரனும் ஒரு கோட்டில் வருவதால் கடல் வழமையை விடக் கூடப் பெருகும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் கரையில் உண்மையான ஆபத்து காற்றிலும் தாழமுக்கத்திலும்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடலை எழுப்பியது சூறாவளிக் காற்று. வாடைக்காலத்தில் வானிலை எச்சரிக்கை வந்தால் வள்ளத்தைக் கரையில் வைக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் கோள் என்று வந்தால் வேலைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது. சனியின் ஈர்ப்பு விசை என் உடம்பில் எவ்வளவு?
— நல்லூர் வாசகர்

பதில்: சாத்திரம் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை, விசையைக் கேட்டீர்கள், விசையைச் சொல்கிறேன். நீங்கள் 60 கிலோ என்றால், சனி மிகக் கிட்ட வரும்போது உங்களை இழுக்கும் விசை 0.14 மில்லிகிராம் பாரத்துக்குச் சமம். நகைக்கடைத் தராசும் காட்டாது.

கேள்வி: சேர், சந்திரனைப் பூமி இழுப்பதை விடச் சூரியன் கூடுதலாக இழுக்கிறது என்று ஒரு அண்ணா சொன்னார். உண்மையா? அப்படியென்றால் சந்திரன் ஏன் சூரியனிடம் போகவில்லை?
— தரம் 9 மாணவன், கொடிகாமம்

பதில்: தம்பி, அண்ணா சொன்னது உண்மை. சூரியன் சந்திரனை இழுப்பது 4.36 × 10²⁰ நியூற்றன். பூமி இழுப்பது 1.98 × 10²⁰. சூரியனின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல். பலர் இதை நம்ப மறுப்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டு.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. விசைகளை எப்படிக் கூட்டுவது என்பதற்கு வானத்திலேயே மாதாமாதம் ஒரு செயல்முறை நடக்கிறது. அமாவாசை அன்று சந்திரன் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன, விளையுள் 4.36 இலிருந்து 1.98 போக, ஏறத்தாழ 2.4. பூரணை அன்று இரண்டும் ஒரே பக்கம், கூட்டினால் 6.3. சரிபாதி நிலா தெரியும் நாளில், வளர்பிறை அட்டமியை ஒட்டி, சந்திரனில் நின்று பார்த்தால் சூரியனும் பூமியும் சரியாகச் செங்கோணத்தில் இருக்கும். பைதகரசு தேற்றத்தைப் போடு: 4.36 இன் வர்க்கம் 19, 1.98 இன் வர்க்கம் 3.9, கூட்டினால் 22.9, வர்க்கமூலம் 4.8. திசை, சூரியன் பக்கத்திலிருந்து 24° பூமி பக்கமாகச் சாய்ந்திருக்கும். எல்லாம் 10²⁰ நியூற்றனில். அதே இரண்டு விசைகள், மூன்று நாட்களில் மூன்று விடைகள்.

அடுத்தமுறை பாதி நிலாவைப் பார்க்கும்போது, பொழுது படுமுன் முற்றத்தில் நின்று ஒரு கையைச் சூரியனுக்கும் மறு கையைச் சந்திரனுக்கும் நீட்டிப் பார். கைகளுக்கு இடையில் ஏறத்தாழச் செங்கோணம் இருக்கும். சந்திரனில் இருக்கும் கோணம்தான் சரியாக 90°. உன்னிடம் இருப்பது அதைவிட மிகச் சிறிதளவு குறைவு. சூரியன் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் வித்தியாசம் தெரியாது. சூரியனை நேராகப் பார்க்காதே.

சரி, ஏன் போகவில்லை? சூரியன் சந்திரனை மட்டும் இழுக்கவில்லை, பூமியையும் இழுக்கிறது. இரண்டுக்கும் சூரியன் கொடுக்கும் ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், ஏறத்தாழ ஒன்றுதான்: செக்கனுக்குச் செக்கன் 5.9 மில்லிமீற்றர். இரண்டும் சேர்ந்தே சூரியனைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. சந்திரனைப் பூமியிலிருந்து பிரிக்கக்கூடியது அந்த 5.9 அல்ல, பூமிக்கும் சந்திரனுக்கும் சூரியன் கொடுப்பதில் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அது 0.03 மில்லிமீற்றர். பூமி சந்திரனுக்குக் கொடுப்பது 2.7. 2.7 இன் பிடியிலிருந்து 0.03 ஆல் சந்திரனைப் பறிக்க முடியாது.

மேலே நாம் கண்ட மூன்று விடைகளையும் திரும்பப் பார். அமாவாசையில்கூட விளையுள் சூரியன் பக்கமாகவே இருக்கிறது. அதனால் சந்திரன் சூரியனைச் சுற்றிப் போகும் பாதையை வரைந்தால், அது ஓரிடத்திலும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வளையாது. புத்தகங்களில் சுருள் சுருளாக வரைந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

கேள்வி: ஐயா, சூரியனையும் எட்டுக் கோள்களையும் கணினியில் ஓடவிடும் செயற்திட்டம் ஒன்று செய்கிறேன். ஒவ்வொரு படியிலும் விளையுள் விசையைக் கணக்கிட்டு நகர்த்துகிறேன். பூமி கொஞ்ச நேரத்தில் சூரியனை விட்டுப் பறந்து போகிறது. கூறுகளைக் கணக்கிட, கிழக்குத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிழக்கு விசையையும், வடக்குத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து வடக்கு விசையையும் எடுத்தேன். இதற்குச் சூத்திரமே இல்லையா?
— பல்கலைக்கழக மாணவர், பருத்தித்துறை

பதில்: உங்கள் பூமி பறப்பதற்குக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். கிழக்குத் தூரத்துக்கென்று தனி விசை கிடையாது. விசை ஒன்றுதான், அது முழுத் தூரத்தின் வர்க்கத்தால் வருகிறது. அதைக் கண்ட பிறகுதான் திசைப்படி பிரிக்க வேண்டும்.

சிறிய இலக்கத்தில் பாருங்கள். கோள் கிழக்கே 3, வடக்கே 4 தூரத்தில் இருக்கட்டும். முழுத் தூரம் 5; விசை 25 இல் ஒன்று, 0.04. கிழக்குக் கூறு அதில் ஐந்தில் மூன்று: 0.024. வடக்குக் கூறு ஐந்தில் நான்கு: 0.032. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.04 திரும்பி வரும். உங்கள் முறையில் கிழக்கே 9 இல் ஒன்று, வடக்கே 16 இல் ஒன்று. கோள் வடக்கில் அதிகம் சாய்ந்து நிற்க, விசை கிழக்கில் அதிகம் சாய்கிறது. அதைவிட மோசம், கோள் நேர் வடக்கே வரும்போது கிழக்குத் தூரம் பூச்சியமாகி விசை எல்லையற்றுப் போகும். அந்த இடத்தில்தான் உங்கள் பூமி பறக்கிறது. கணினியில் எழுதும்போது, கிழக்குத் தூரத்தை முழுத் தூரத்தின் கனத்தால் வகுங்கள்; வடக்குக்கும் அப்படியே. மேலும் கீழும் உண்டென்றால் மூன்றாவது நிரல் ஒன்று, அதே விதி.

நகர்த்தும் ஒழுங்கும் முக்கியம். முதலில் வேகத்தைத் திருத்தி, திருத்திய வேகத்தால் இடத்தை மாற்றுங்கள். பழைய வேகத்தால் இடத்தை மாற்றினால் பாதை ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வெளியே விரியும்.

சூத்திரம் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு பொருளுக்கு உண்டு: நீள்வட்டம். மூன்று வந்தவுடன் பொதுவாக இல்லை. சுவீடன் அரசர் இரண்டாம் ஒஸ்காரின் பெயரால் நடந்த போட்டியில் 1889 இல் பரிசு பெற்ற ஒன்றி பொயின்காரே, இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்று காட்டினார். தொடக்கத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் பின்னர் பாதை முற்றாக வேறாகலாம். படிபடியாகக் கூட்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அதைக் கணினி வருமுன்னரே செய்திருக்கிறார்கள். ஹேலி வால்வெள்ளி திரும்பி வரும் நாளைச் சொல்ல, பிரான்சில் அலெக்சி கிளேரோ, ஜெரோம் லலாந்து, நிக்கோல்-ரென் லெப்போத் என்ற பெண்மணி மூவரும் மாதக்கணக்காகக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து, வியாழனும் சனியும் அந்த வால்வெள்ளியை ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு, எந்தப் பக்கம் இழுத்தன என்று கையால் கூட்டினார்கள். வியாழனால் 518 நாளும் சனியால் 100 நாளும் தாமதமாகும், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்குக் கிட்ட வரும் என்றார்கள். மார்ச் 13 இல் வந்தது. யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் இருப்பதே தெரியாத காலத்தில், 76 ஆண்டுப் பயணத்தில் ஒரு மாத வித்தியாசம். லெப்போத் அம்மையாரின் பெயரை நம் பாடப் புத்தகங்களில் நான் காணவில்லை, காண விரும்புகிறேன். நீங்கள் எழுதும் செய்நிரல் அவர் செய்த அதே வேலையைத்தான் செய்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. நில அளவையில் சுற்றி அளந்துவிட்டுத் தொடங்கிய கல்லுக்கே திரும்பினால் இரண்டு நிரலும் பூச்சியத்துக்கு வர வேண்டும். உங்கள் ஒன்பது பொருள்களிலும் அப்படி ஒரு மூடுகை உண்டு. மொத்தம் 36 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மற்றதை இழுக்கும் அதே அளவில் மற்றது அதை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஆகவே ஒன்பது பொருள்களின் விளையுள்களையும் கூட்டினால் ஒவ்வொரு நிரலும் பூச்சியமாக வேண்டும். முதல் கேள்வியில் பார்த்த முக்கோணிக் கோள்களில் மூன்று விளையுள்களும் 120° இடைவெளியில் நின்று பூச்சியமாவதும் இதனால்தான். இந்தக் கூட்டலைச் செய்நிரலில் ஒவ்வொரு படியிலும் அச்சிட வையுங்கள். பூச்சியத்துக்கு வராவிட்டால், சூரியன்–புதன் சோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நிறுத்தி, எந்தச் சோடியில் குறி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.